பல்வலிக்குப் பன்னிரண்டு திரைகள்

ஒரு மென்பொருள் கம்பெனியில் சிதம்பரநாதன் என்றொரு தலைமை வடிவமைப்பாளர் இருந்தார். மருத்துவமனையில் டோக்கன் வாங்கும் செயலிக்கு அவர், கேள்விக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திரைகள் அமைத்திருந்தார்.

"இவ்வளவு எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டாள் புதிதாகச் சேர்ந்த தெய்வானை.

"வேலையே சிக்கலானதும்மா. ஒண்ணைக்கூட எடுக்க முடியாது. முடியும்னா முதலாளி முன்னாடி காட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

முதலாளி வந்ததும் தெய்வானை கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, பல்வலி! கரண்ட் வேற இல்லைன்னு வைங்க. கையாலயே டோக்கன் எழுதிக் கொடுங்க சார்."

"இதென்ன பெரிய வித்தையா? பேரு, டாக்டர், நேரம். மூணையும் சொல்லு, எழுதித் தர்றேன்!" என்றார் சிதம்பரநாதன்.

"அப்போ மிச்ச ஒன்பது திரையும் என்னதான் கேக்குது சார்?"

சிதம்பரநாதன் திரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலாளி சிரித்துவிட்டார். "நாளைக்கு இந்தப் பொண்ணு வரட்டும் சிதம்பரநாதன். அந்த ஒன்பதும் வர வேண்டாம்."