முன்கூட்டியே போட்ட செய்தி

தாளாளர் தணிகாசலம் மைக்கைப் பிடித்தால் ஊருக்கே மதியச் சோறு ஆறிப்போகும். ஒருநாள் பத்தாம் வகுப்பில், ஸ்மார்ட் போர்டில் செய்தி எழுதும் பாட வீடியோ ஓடும்போது உள்ளே வந்தார்.

"நாளைக்கு ஆண்டு விழா. என் பேச்சை எல்லாரும் கடைசிவரை ரசிச்சாங்கன்னு இப்பவே எழுதிப் பள்ளி வெப்சைட்ல போடுங்க."

"நடந்ததைத்தான் எழுதணும்னு வீடியோல சொல்றாங்கய்யா" என்றாள் மாணவி நசீமா.

"அப்ப நீயே போடு. போடலேன்னா டி.சி.தான்."

போட்டாள்.

மறுநாள் அவர் மைக்கைத் தொட்டதும் நசீமாவின் வகுப்பு மொத்தமும் எழுந்து வாசலுக்கு நடந்தது.

"எங்க போறீங்க?"

நசீமா பணிவாக டேப்லெட்டை நீட்டினாள். "செய்தியில விழா நேத்தே முடிஞ்சிடுச்சுங்கய்யா. நாங்க கடைசிவரை கேட்டு, கையும் தட்டிட்டோம்."

சிறப்பு விருந்தினர் அதை வாங்கிப் படித்தார். பொன்னாடையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"நானும் வாழ்த்திப் பேசிட்டேன்னு போட்டிருக்கு. அப்ப கிளம்பறேன்."