தாளின் பின்பக்கம்

குரு மங்கையர்க்கரசிக்கு வயது நாற்பது. சீடர் கோதண்டபாணிக்கு ஐம்பத்து மூன்று. ஞானத்தில் சீனியாரிட்டி பார்க்க முடியாது என்று அவர் முதல் நாளே மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டார். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் ஊழியர் நலம் பார்க்கிற அதிகாரி. ஊழியர் நலம்தான் பார்ப்பார். தன் இடமாற்ற உத்தரவை இருபது நாளாகச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. தூக்கம் போய்விட்டது.

அன்று ஆசிரமத்துக்கு ஒரு கட்டுத் தாளோடு வந்தார். 'உங்கள் கவலை என்ன?' என்று கேட்டதற்கு அலுவலகத்தில் எல்லோரும் பெயர் போடாமல், ஆணா பெண்ணா என்று மட்டும் குறித்து எழுதிக் கொடுத்தது. அவரும் ஒன்று எழுதிப் போட்டிருந்தார்.

"மனநல ஆலோசகர் வைக்கப் போறோம்மா. பெண்களுக்கு மட்டும் போதும்னு நாளைக்கு எழுதிக் கொடுக்கணும். ஆண்கள் திடமா இருக்காங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"பெண்கள் பக்கம் நிறைய எழுதியிருக்காங்க. மாமியார் முழங்கால், பிள்ளையோட கணக்குப் பரீட்சை, மேனேஜர் மூஞ்சி, ஒண்ணு விடலை. ஆண்கள் ஒரே வார்த்தை. 'இல்லை'."

குரு பெண்களின் தாள்களை நிதானமாகப் படித்தார். ஒன்றின் அடியில், 'மத்தியானம் சாப்பிடும்போது சுலோச்சனாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். சிரிக்க வைத்துத்தான் அனுப்புவாள்' என்று இருந்தது. குருவும் சிரித்துவிட்டார்.

"இவங்க சுமக்கிறது ஜாஸ்திதான். ஆலோசகரை வைங்க. அப்படியே அந்த மேனேஜர் மூஞ்சியையும் கொஞ்சம் கவனிங்க."

பிறகு ஆண்களின் தாள்களை எடுத்தார். படிக்கவில்லை. கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"நீங்களும் தடவிப் பாருங்க."

கோதண்டபாணி தடவினார். எழுத்து புடைத்துக்கொண்டு நின்றது. அடுத்த தாளிலும் அப்படித்தான். பேனாவை அந்த அழுத்து அழுத்தியிருந்தார்கள். பெண்களின் தாள்களைத் திருப்பிப் பார்த்தார். அவை வழவழவென்று இருந்தன.

கட்டின் அடியில் ஒரு தாள். அதில் பேனா கிழித்தே விட்டிருந்தது. 'இல்லை'யின் நடுவில் ஓட்டை. குரு அதைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக அவரைப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"பேர் போட வேண்டாம்னு சொல்லியிருந்தோம்மா," என்றார் கோதண்டபாணி. கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

குரு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து, பேனாவையும் நீட்டினார்.

"இந்தத் தடவை அழுத்தாம எழுதுங்க."