எட்டாவது சத்தம்

புள்ளிமான் கூட்டம் ஒன்று புதுக் காட்டுக்குக் குடிவந்தது. பழைய காட்டில் குளம் வற்றிவிட்டது. இங்கே தண்ணீர் இருந்தது, புல் இருந்தது. சிறுத்தையும் இருந்தது.

சிறுத்தை வந்தால் மரத்து மந்திகள் சத்தம் கொடுக்கும். அதைக் கேட்டுத்தான் இந்தக் காட்டில் எல்லாரும் ஓடுவார்கள். மான்களுக்கோ மந்தி பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. வந்த வாரமே ஒரு மான் செத்தது. பயந்துபோன தாய்மான்கள் தங்கள் குட்டிகளை மைனா மிஸ்ஸின் வகுப்பில் சேர்த்தன.

மைனாவுக்கு மந்தி பாஷை நன்றாகவே தெரியும். அதில் பொய் இல்லை. குளக்கரைப் புங்கமரத்தில் உட்கார்ந்து பாடம் எடுக்கும்.

"எல்லாரும் சேர்ந்து! கிச்சுன்னா பழம்! ஊவுன்னா தண்ணி! டுர்ருன்னா மழை!"

இப்படிப் பத்துச் சொல். பரீட்சையும் அதேதான். முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் சொல்ல வேண்டும். நடுவில் கேள்வி கிடையாது.

அந்த வகுப்பில் மின்னி என்ற மான்குட்டிதான் முதல். அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் காலால் ஒரு தட்டு தட்டுவாள். தட்டத் தட்ட, அடுத்த சொல் தானாக வாயில் வரும். மற்றக் குட்டிகளும் பார்த்துப் பழகின. பரீட்சை நாளில் குளக்கரையே அதிரும்.

கடைசி வரிசையில் தொந்தி என்ற பன்றிக்குட்டி. மூன்றாவது சொல்லிலேயே அவனுக்கு வாய் அடைத்துவிடும். ஆனால் பக்கத்து அத்திமரத்தில் ஒரு மந்தி "கிச்!" என்றால் போதும், எழுந்து ஓடிவிடுவான்.

"தொந்தி! எங்கடா ஓடுற?"

"பழம் உதிர்க்கிறாங்க மிஸ்!"

"நாம இன்னும் மழையிலதான்டா இருக்கோம்! வந்து உட்காரு!"

ஒருநாள் தொந்தி மின்னியைச் சீண்டினான்.

"பெரிய படிப்பாளி! கெக்கர்னா என்ன, சொல்லு பாப்போம்?"

மின்னி காலைத் தட்ட ஆரம்பித்தாள். "கிச் பழம், ஊவ் தண்ணி, டுர்ர் மழை..." தட்டிக்கொண்டே போய், எட்டாவது தட்டில் "கெக்கர் சிறுத்தை!" என்று முடித்தாள்.

"அங்க போறதுக்கு இவ்வளவு தூரம் சுத்தணுமா?"

"மிஸ் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. நீ ஃபெயில்! பேசாத!"

தொந்தி அத்திப்பழம் தின்னப் போய்விட்டான். பாதி நாள் மந்திகளுக்குக் கீழேதான் கிடப்பான். அவை பழம் போட்டால் தின்பான். அவை அலறினால் புதருக்குள் பாய்வான். அவ்வளவுதான் அவன் படிப்பு.

ஒரு மத்தியானம் மின்னி குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு மந்தி அலறியது.

"கெக்கர்! கெக்கர்!"

மின்னி தலையைத் தூக்கினாள். கேட்ட சொல்தான். நன்றாகத் தெரிந்த சொல்தான். காலைத் தட்டினாள்.

"கிச் பழம், ஊவ் தண்ணி, டுர்ர் மழை..."

நாணல் அசைந்தது. அவள் பார்க்கவில்லை. அவள் இன்னும் மழையைத் தாண்டவில்லை.

அத்திமரத்தடியிலிருந்து ஓடிவந்த தொந்தி அவள் கால்களுக்கு நடுவே முட்டினான். இரண்டு பேரும் சேற்றில் உருண்டார்கள். சிறுத்தை பாய்ந்தது. ஒரு காது நுனி மட்டும் அதன் நகத்தில் சிக்கியது. மிச்ச மின்னி தப்பினாள்.

தாய்மான் நேராகப் புங்கமரத்துக்குப் போனாள்.

"என்னங்க மிஸ் இது! எம் பொண்ணுதானே முதல்ல வந்தா?"

"நானும் மரத்துல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு சொல்லும் தப்பில்லையே!" என்றது மைனா. "கொஞ்சம் வேகம் பத்தல. நாளையில இருந்து இன்னும் வேகமாச் சொல்ல வைக்கிறேன்."

"எவ்வளவு வேகமாச் சொன்னாலும் சிறுத்தை எட்டாவதுதான் மிஸ்!" என்றான் தொந்தி. அவன் உடம்பெல்லாம் சேறு.

மைனா இறங்கி வந்து மின்னியின் காதைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

மறுநாள் வகுப்பு அத்திமரத்தடிக்கு மாறியது. கோரஸ் இல்லை. மந்தி எதைக் கத்துகிறதோ அதுதான் அன்றைய பாடம். பழம் என்றால் தின்ன வேண்டும், மழை என்றால் ஒதுங்க வேண்டும். தொந்திக்குக் கொண்டாட்டம். மின்னிக்குத்தான் கஷ்டம். ஒவ்வொரு சத்தத்துக்கும் கால் தானாகத் தட்டும். மற்றவர்கள் பழத்தைத் தின்று முடித்த பிறகுதான் வந்து சேருவாள். பல நாள் அவளுக்கு வெறும் புல்தான்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் மந்தி அலறியது.

"கெக்கர்!"

மரத்தடி காலியானது. எல்லாருக்கும் முன்னால் பாய்ந்தது ஒரு காது நுனி இல்லாத மான்.

ஆபத்து விலகியதும் மைனா பறந்து வந்தது.

"மின்னி, கெக்கர் எத்தனையாவது சொல்?"

மின்னி யோசித்தாள். "தெரியல மிஸ். ஓடிட்டேன்."

"ஃபுல் மார்க்!" என்றது மைனா.

நீதி: ஆசிரியர் எப்படிக் கேட்கிறாரோ மாணவர் அப்படித்தான் படிப்பார், வரிசையைக் கேட்டால் வரிசைதான் வரும், பாஷை வராது.