பந்தியின் கடைசி இலை

பெருவாய்க்கால் வட்டாரத்தில் இந்த வருஷம் மொத்த விளைச்சல் முன்பைவிட ஒன்றரை மடங்காம். அதைக் கொண்டாடும் விழாவுக்கு வந்த பாசன அதிகாரி, "இனி வாய்க்காலைத் தூர்வாரத் தேவையில்லை" என்று அறிவித்துவிட்டு, பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்தார்.

பரிமாற வந்த பூமயிலின் ஊர், வாய்க்கால் முடியும் கடைமடையில். வாய்க்கால் மண்மேடாகி, மூன்று வருஷமாக அங்கே தண்ணீர் எட்டவில்லை. அவள் சோற்று வாளியோடு மறுகோடிக்குப் போய், அங்கிருந்து இலை இலையாகக் குவித்துக்கொண்டே வந்தாள். அதிகாரியிடம் வந்தபோது வாளி காலி.

"எனக்கு எங்கேம்மா?"

"பந்திக்கு ஒன்றரை மடங்கு போட்டாச்சுங்களே ஐயா!"

"என் இலையில ஒரு பருக்கைகூட இல்லையே?"

"எங்க ஊர் வயல்லயும் இதே கதைதாங்க, அதுதான் எனக்கும் புரியல. மொத்தத்துல பார்த்தா நீங்களும் சாப்பிட்டாச்சு."

அதிகாரி வெறும் இலையைப் பார்த்தார். வாய் நிறைய மென்றுகொண்டிருந்த பந்தியைப் பார்த்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று குழம்பி, கடைசியில் கேட்டார்: "உங்க ஊர் வாய்க்கால் எந்தப் பக்கம்மா?"