முதல் வெட்டு

ஆறு கடலில் சேரும் இடத்தில், கோடை முழுக்கக் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்துவிடும். ஐப்பசி பிறக்கும்போது ஆற்றின் வாய் அடைபட்டுக் கிடக்கும். மழை பெருத்தால் அந்த மணல் மேட்டை வெட்டிவிட வேண்டும். ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் எடுத்துக் கொடுத்தால் போதும். மீதியை ஆறே அறுத்துக்கொண்டு போய்விடும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் வம்பு. வடகரையில் மீனவர் வீடுகள். வெட்டத் தாமதித்தால் ஆறு ஏறி வீடுகளுக்குள் புகும். தென்கரையில் வயல்கள். அவசரப்பட்டு வெட்டி மழை நின்றுபோனால், திறந்த வாய் வழியே கடல் உள்ளே வந்துவிடும். பயிர் கருகும். திறந்ததை மனிதரால் மூட முடியாது. கடலாகப் பார்த்து மறுபடி மணல் கொண்டுவர மாதக்கணக்காகும்.

இரண்டு கரையும் பேசிப் பேசி அடிதடியில் முடிந்த ஒரு காலத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மேட்டில் முதல் வெட்டு மடத்துக்கு. மடத்துக்கு வீடும் போகாது, வயலும் போகாது. அதனால் நியாயம் அதற்குத்தான் தெரியும் என்று ஊர் நினைத்தது. வெட்டிய யாரையும் இரண்டு கரையும் சேர்ந்து வாழ்த்தியதாகத் தெரியவில்லை.

மடத்துக்கு அப்போது உலகம்மை தலைவியாக இருந்தார். நாற்பது வயதிருக்கும். அவருடைய சீடர் குத்தாலிங்கம் அவரைவிட வயதில் நன்றாக மூத்தவர். தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். உத்தியோக காலம் முழுக்க ஒரு காகிதத்தைக்கூட மேலிடத்துக்கு அனுப்பாமல் அவராக முடித்ததில்லை. நல்ல மனிதர்தான். தலைக்கு மேல் ஒருவர் இருந்தால் அவருக்கு நிம்மதி.

அந்த வருடம் மழைக்கு முன்பே உலகம்மை மண்வெட்டியை அவரிடம் கொடுத்தார்.

"இந்தத் தடவை நீங்க வெட்டுங்க அண்ணாச்சி."

குத்தாலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டு வைத்தார். எதிரே வந்தவர்களிடமெல்லாம் ஒருமுறை சொன்னார். மழை வந்த அன்று அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை.

இடியும் மின்னலுமாகப் பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. ரேடியோவில் மேலும் கனமழைக்கு வாய்ப்பு என்றார்கள். வாய்ப்பு என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. குத்தாலிங்கம் மேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, தொப்பலாக நனைந்து மடத்துக்கு வந்தார். உலகம்மை அடுக்களையில் பெரிய பானையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். வீட்டை விட்டு வருகிறவர்களுக்கு வேண்டியிருக்கும்.

"தாயீ, எப்ப வெட்டணும்?"

"தண்ணி எங்க நிக்கி?"

"வடகரையில சலேத்மேரி வீட்டுல ரெண்டாம் படி முங்கியாச்சு."

"மழை?"

"மேற்க கறுத்துக் கெடக்கு. ஆனா காத்து திரும்புத மாதிரியும் இருக்கு."

"அப்ப எல்லாம் பாத்துட்டுத்தான் வந்திருக்கீய."

"பாத்தேன். எந்த நேரம்னுதான் தெரியல. உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எனக்கும் தெரியாது."

குத்தாலிங்கம் நம்பவில்லை. வருடா வருடம் உலகம்மை மேட்டில் ஏறுவதையும், நிற்பதையும், வெட்டுவதையும் அவர் பார்த்திருக்கிறார். அதில் ஏதோ ஒரு ரகசியம் இருக்கிறது, என்றைக்காவது அதைச் சொல்லித் தருவார் என்றுதான் மடத்திலேயே தங்கியிருந்தார்.

"வெட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே போயி வெட்டிருதேன்."

"என் வார்த்தைய வச்சு என்ன செய்யப் போறீய?"

"யாராவது கேட்டா, அம்மா சொன்னாவன்னு சொல்லுவேன்."

உலகம்மை கஞ்சியைக் கிண்டினார்.

"தண்ணி இதுக்குள்ள மூணாம் படிக்கு வந்திருக்கும்," என்றார்.

குத்தாலிங்கம் திரும்ப ஓடினார்.

மேட்டில் இரண்டு கரைக்காரர்களும் குடையும் பாலிதீன் சாக்குமாகக் கூடியிருந்தார்கள். தென்கரை ஐயம்பெருமாள் முன்னால் வந்தார். அவருடைய வயல்தான் ஆற்றுக்கு முதல் வயல்.

"அண்ணாச்சி, ஒரு ராத்திரி பொறுங்க. காத்து திரும்பிட்டு, மழை விட்டுரும். நட்ட பயிரு இப்பதான் பச்ச பிடிச்சிருக்கு. உப்பு ஏறுனா இந்த வருசம் எங்களுக்குச் சோறு இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை என்று குத்தாலிங்கத்துக்குத் தெரிந்தது.

சலேத்மேரி தள்ளி நின்றிருந்தாள். "பிள்ளைகளையும் எங்கப்பாவையும் கோயில்ல கொண்டு விட்டுட்டேன்," என்றாள். "வீட்டத் தூக்கிட்டு வர முடியல. மண்ணு சுவரு, ஊறிக்கிட்டு இருக்கு. நீங்க பொறுக்கச் சொன்னா நான் பொறுப்பேன். சுவரு பொறுக்கணும்லா?"

அவளும் பொய் சொல்லவில்லை.

குத்தாலிங்கம் தண்ணீரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மடத்துப் பாதையைத் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

மண்வெட்டியை ஓங்கி மணலை வெட்டினார்.

வடகரை ஆட்கள் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். வாய்க்கால் கடலைத் தொட்டதும் தண்ணீர் முதலில் மெதுவாக நகர்ந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் மணல் பொத்துப் பொத்தென்று விழ ஆரம்பித்தது. எல்லாரும் பின்னால் ஓடினார்கள்.

ஐயம்பெருமாள் மட்டும் குத்தாலிங்கத்தின் எதிரிலேயே நின்றார்.

"யாரு சொல்லி வெட்டுனீரு? அம்மா சொன்னாவளா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. அம்மாவிடம் போய் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அந்த வார்த்தை அவர் தொண்டை வரை வந்துவிட்டது.

"இல்ல. நான்தான்."



சாயங்காலத்துக்குள் சலேத்மேரி வீட்டுப் படிகள் மூன்றும் வெளியே தெரிந்தன. வடகரையில் ஒரு சுவரும் விழவில்லை. அன்றிரவே மழை நின்றது.

மறுபடி வரவில்லை. அடுத்து வந்த நாட்களில் நல்ல வெயில் அடித்தது. ஆறு வடிந்து மெலிந்தது. அமாவாசைக்குக் கடல் ஏறியது. அன்று காலை குத்தாலிங்கம் தென்கரை வாய்க்காலில் இறங்கி, ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். நேரே மடத்துக்கு வந்தார். உலகம்மை பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாய்க்கால் தண்ணி உப்புக் கரிக்கி, தாயீ."

உலகம்மை பானையைக் கீழே வைத்தார்.

"ஒரு ராத்திரி பொறுத்திருந்தா வயலும் தப்பிச்சிருக்கும்."

"சுவரு நின்னிருக்குமா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல."

"ஐயம்பெருமாள் இன்னைக்கு இன்னும் வயலுக்கு வரல. பாத்தார்னா நேரா இங்கதான் வருவாரு."

"வாறதுக்கு முன்னால நீங்க போங்க."

"நீங்களும் வாறீயளா?"

"இல்ல."

குத்தாலிங்கம் வாசல் வரை போய் நின்றார்.

"போயி என்ன சொல்லணும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவரு சொல்லுவாரு. சொல்லி முடிக்குத வரைக்கும் அங்கன நில்லுங்க."