சிவப்பின் அகலம்

"மேடம், அவனை இங்கேர்ந்து அனுப்பணும்," என்றார் தணிகாசலம்.

பேராசிரியை ஜுலைகா அவருடைய குரு. குருவைவிடச் சிஷ்யர் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளோடு பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, முனைவர் பட்டம் வாங்க வந்தவர். அளவு தப்பினால் அதற்குப் பின்னால் ஒருத்தன் கை இருக்கும் என்பது அங்கே அவர் கற்ற பாடம். பெரும்பாலும் இருந்தும் தொலைத்தது.

"யாரை அண்ணே?"

"இருதயராஜைத்தான். என் கண்ணாடியை அசைக்கிறான்."

ஆய்வுக்கூடத்துக்கு அடியில் ஒரு நீண்ட சுரங்கப் பாதை. அதன் இந்த முனையில் தணிகாசலத்தின் லேசர். ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பக்கத்திலிருக்கும் கண்ணாடிக்கும் மறு பாதியைப் பாதையின் கோடியிலிருக்கும் கண்ணாடிக்கும் அனுப்புவார். இரண்டும் திரும்பி வந்து சேரும்போது திரையில் வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் விழும். பாதை மயிரிழை நீண்டாலும் வரிகள் நகர்ந்து காட்டிக்கொடுக்கும். ஒரு மாதமாக வரிகளே இல்லை, கலங்கின கஞ்சிதான். கோடிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சக ஆய்வாளன் இருதயராஜின் மேஜை இருந்தது. தணிகாசலத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

"லேசரைப் பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பனா? கண்ணாடியை மேஜை மேலயே வச்சுப் பாத்தேன். அச்சடிச்ச மாதிரி வரி விழுது. லேசர் சொக்கத் தங்கம் மேடம்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"இயக்குநர் இன்னைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கார். அவருக்கும் அவன் மேல கடுப்பு. நீங்களும் கூட வந்து ஒரு வார்த்தை சொன்னா, இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடுவார்."

இருதயராஜின் ஆய்வு முடிகிற கட்டத்தில் இருந்தது. இப்போது வெளியேற்றினால் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"வாங்க, கீழ போவோம்," என்றார் ஜுலைகா.

கீழே இருதயராஜைக் கூப்பிட்டுத் தங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார். காரணம் சொல்லவில்லை. லேசரைப் போட்டார். திரையில் அதே கஞ்சி.

தணிகாசலம் குருவின் பக்கம் குனிந்தார். "கண்ணாடியோட திருகைத் தளர்த்திட்டு வந்திருக்கான். இப்ப அது தானா ஆடுது."

ஜுலைகா போய்க் கோடிக் கண்ணாடியைத் தாங்கியோடு தூக்கிவந்து பாதி வழியில் வைத்தார். வரிகள் மங்கலாகத் தெரிந்தன. இன்னும் கிட்டே கொண்டுவந்தார். அச்சடித்த மாதிரி விழுந்தன.

"அதே கண்ணாடி. அதே திருகு," என்றார்.

"இங்க நம்ம கண்ணு முன்னாடி இருக்குல்ல மேடம். அவன் கைவரிசை எல்லாம் அந்தக் கோடியிலதான்," என்றார் தணிகாசலம் காதோரமாக.

ஜுலைகா கண்ணாடியை மறுபடி கோடியில் கொண்டுபோய் வைத்தார். மேலே தன் அறைக்குப் போய் வேறொரு லேசரை எடுத்துவந்து, பழையதைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினார்.

வரிகள் விழுந்தன. கோடிவரை போய்வந்த ஒளியில், ஒவ்வொன்றும் தனித்தனியாக.

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது.

"பயந்து நிறுத்திட்டான்," என்று கிசுகிசுத்தார்.

பழைய லேசரைத் திரும்பப் போட்டார் குரு. கஞ்சி.

"ஆள் வச்சிருக்கான்."

பாதையில் அவர்கள் மூவரைத் தவிர ஈ காக்கை இல்லை. சந்தேகம் புறம்போக்கு நிலம் மாதிரி. எந்த ஆட்டை ஓட்டி வந்தாலும் மேய இடமிருக்கும்.

ஜுலைகா பழைய லேசரின் மேல் கை வைத்தார். "இது ஒரே சிவப்பு இல்ல அண்ணே. துளித்துளியா ஏறி இறங்கிக்கிட்டே இருக்கிற சிவப்பு. கோடு அகலம்னு சொல்றது அதைத்தான். பக்கத்துல போய்வந்தா மாறுறதுக்கு நேரம் இல்ல, ரெண்டு பாதியும் ஒட்டிக்கும். கோடிக்குப் போன வெளிச்சம் திரும்புறதுக்குள்ள இங்க புறப்படுறது வேற சிவப்பாயிடுது. அப்புறம் நீளம் என்னன்னு கேட்டா, இதுவா இருக்கலாம், அதுவா இருக்கலாம்னு சொல்லும். ஒரு நீளத்தைக்கூட இல்லைன்னு தள்ளாது."

தணிகாசலம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி மேடம். லேசர் கோளாறாவே இருக்கட்டும். அதனால அவன் அசைக்கலைன்னு ஆயிடுமா?"

சுவரிலிருந்த ஃபோன் அடித்தது. இயக்குநர் காத்திருக்கிறாராம். தணிகாசலம் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"நானும் வர்றேன்," என்றார் ஜுலைகா. "நீங்க சொல்றதுக்கெல்லாம் ஆமான்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்."

இருதயராஜுக்கும் கேட்கும்படியே கேட்டார்.

"இந்தத் திரையில எது தெரிஞ்சா, கண்ணாடியை இருதயராஜ் அசைக்கலைன்னு ஒத்துக்குவீங்க? அதைச் சொல்லுங்க, நான் அளந்து காட்டுறேன்."

இருதயராஜ் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். தன்னை எதற்கு உட்காரவைத்தார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. தணிகாசலத்தையே பார்த்தான்.

தணிகாசலம் பதில் சொல்ல வாயெடுத்தார். கஞ்சி விழுந்தபோதும் வரி விழுந்தபோதும் அவர் சொல்லியிருந்தது ஒன்றேதான்.

ஃபோன் மறுபடி அடித்தது. அவர் படியேறவில்லை.