நாற்பத்திரண்டு கட்டங்கள்

சரக்குத் தோணி புறப்படும் முன் ஒவ்வொரு முறையும் நாற்பத்திரண்டு கட்டங்கள் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும் என்று புது விதி வரவிருந்தது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல அன்றுதான் கடைசி நாள். கூட்டத்தில் தோணி முதலாளிகள் வாயைத் திறக்கவில்லை. தோணியில் சமைக்கும் தொம்மை எழுந்தார்.

"ஐயா, கழிமுகத்துல தண்ணி ஏறி நிக்கிறப்பதான் தோணி நகரும். இதை எழுதி முடிக்கிறதுக்குள்ள தண்ணி வத்திடும். ஏத்தின வெங்காயம் அழுகிப்போகும்."

துறைமுக அதிகாரி சந்திரசூடன் சிரித்தார். "பத்து நிமிஷ வேலை. குழம்பு கிண்டுறவருக்கு இதெல்லாம் எதுக்கு? இன்னைக்குள்ள ஆதாரம் காட்டுங்க. இல்லேன்னா உங்க கருத்தைப் பதிவு பண்ண முடியாது."

"ஆதாரம் தோணியில இருக்கு ஐயா. நீங்களே வந்து ஒரு தடவை எழுதிக் காட்டுங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சா நான் பேசவே மாட்டேன்."

அதிகாரி தொம்மையோடு மிடுக்காகச் சிறு வள்ளத்தில் ஏறி, கழிமுகத்தின் நடுவில் நின்ற தோணிக்குப் போனார். மூட்டைகளை இரண்டு தடவை எண்ணினார். எஞ்சினில் பொறித்த எண்ணைத் தேடி அடித்தட்டில் இறங்கி, வெள்ளைச் சட்டையில் கரியோடு ஏறி வந்தார். பத்தொன்பதாம் கட்டத்தை எழுதும்போது தோணி மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. எட்டிப் பார்த்தால் சுற்றிலும் இடுப்பளவு சேறு. வள்ளமும் அதில்தான் கிடந்தது.

"நான் எப்படிக் கரைக்குப் போறது?"

"சாயங்காலம் தண்ணி ஏறிடும் ஐயா. அதுவரைக்கும் மிச்சக் கட்டத்தை எழுதுங்க. சோறு தயாரா இருக்கு."

அதிகாரி இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு படிவத்தை மடித்து வைத்துவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார்.

"உங்க கருத்தைச் சொல்லுங்க தொம்மை. நானே எழுதுறேன்."

"சுருக்கமாச் சொல்றேன் ஐயா," என்றார் தொம்மை. "தண்ணி ஏறுறதுக்குள்ள முடிஞ்சிடணும்."